ஊட்டி உயரத்தில் ஆல்ஃபா சினுக்ளின்: மோனோமர் முதல் ஃபைப்ரில் வரை

பார்கின்சன் நோயில் நரம்புச் செல்களுக்குள் திரளும் புரதம் ஆல்ஃபா சினுக்ளின். ஆய்வுக்காக அதை விலைக்கு வாங்கினாலும் சரி, பாக்டீரியாவில் வளர்த்துப் பிரித்தெடுத்தாலும் சரி, டியூப் மேல் ஒட்டியிருக்கும் பெயர் உள்ளே இருப்பதை முழுதாகச் சொல்லிவிடாது. அதே 140 அமினோ அமிலச் சங்கிலி தனித்தனியாக மிதந்தால் மோனோமர். சிறு கொத்தாகச் சேர்ந்தால் ஆலிகோமர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நூலாக நீண்டால் ஃபைப்ரில். செல்லுக்குள் இந்த மூன்றின் வேலையும் வேறு வேறு. எது எதுவாக மாறும் என்பதைச் செறிவும் உப்பும் பிஹெச்சும் குலுக்கலும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. சமவெளியில் எழுதிய செய்முறையை 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் வரி பிசகாமல் செய்தாலும் சில இடங்களில் சறுக்கும். அந்த இடங்களையும், அங்கே மாற்றிக்கொள்ள வேண்டியதையும் பார்ப்போம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும், எண்கள் மட்டும் கொஞ்சம் தளரும்.

"அறை வெப்பநிலை" என்று எழுதியிருந்தால்

அப்படி எழுதியவர் மனதில் இருப்பது 20 முதல் 25 டிகிரி. ஊட்டியில் ஹீட்டர் இல்லாத ஆய்வகத்தில் மார்கழி, தை மாத விடியற்காலையில் மேசை மேல் இருக்கும் டியூப் அந்த எண்ணுக்கு அருகில்கூட வராது. வெளியே புல்வெளியில் உறைபனி படியும் நாட்களில் மேசையும் ஃப்ரிட்ஜும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சினுக்ளினுக்கு இது சின்ன விஷயமில்லை. பெரும்பாலான புரதங்களுக்குக் குளிர்தான் பாதுகாப்பு, மோனோமருக்கும் அப்படியே. ஃபைப்ரிலுக்குக் குளிர் ஆகாது. 0 முதல் 4 டிகிரியில் வைத்தால் ஃபைப்ரில் மெல்ல மெல்ல அவிழ்ந்து மோனோமரையும் ஆலிகோமரையும் உதிர்க்கும். "ஐஸில் வை" என்று கை பழகியவர்கள் ஃபைப்ரிலையும் ஐஸில் நட்டு வைப்பார்கள். மறுநாள் செல்களில் விளைவு குறைந்திருந்தால் புரதம் விற்ற கம்பெனியைக் குறை சொல்வார்கள்.

ஆகவே மோனோமர் உருகுவதும் காத்திருப்பதும் ஐஸில். ஃபைப்ரில் உருகுவதும் காத்திருப்பதும் 22 முதல் 25 டிகிரியில். இதற்காக அறை முழுவதையும் சூடாக்க வேண்டாம். 25 டிகிரிக்கு வைத்த ஒரு சிறு இன்குபேட்டர் அல்லது டிரை பாத் (டியூப்களைச் சூடாக்கும் உலோகக் கட்டை) போதும், ஃபைப்ரில் டியூப்கள் அதற்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் குறிப்பேட்டில் "அறை வெப்பநிலை" என்ற சொல்லையே விட்டுவிட்டு டிகிரியை எழுதுங்கள். ஏப்ரலில் வந்த முடிவு ஜனவரியில் வராமல் போனால் காரணத்தை முதலில் தேட வேண்டிய இடம் அந்தக் குறிப்பு.

குளிரில் வேறு சில பாட்டில்களும் ஏமாற்றும். 10 மடங்கு செறிவான பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) பாட்டிலின் அடியில் பாஸ்பேட் படிகம் கட்டும். அதைக் கவனிக்காமல் மேலாக ஊற்றி நீர்த்தால் உங்கள் பிபிஎஸ்ஸில் பாஸ்பேட் குறைவாகத்தான் இருக்கும். 10 சதவீத எஸ்டிஎஸ் (புரதத்தை அவிழ்க்கும் சோப்பு வகை) 20 டிகிரிக்குக் கீழே வெள்ளையாக உறையும். பொட்டாசியம் உள்ள பஃபரோடு (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்) கலந்தால் இன்னும் சீக்கிரம். இரண்டையும் 37 டிகிரி தண்ணீரில் வைத்து, முழுதும் தெளிந்து, கலக்கிய பிறகே எடுங்கள். டிரிஸ் பஃபரின் பிஹெச் ஒரு டிகிரி சூடு ஏறினால் 0.028 இறங்கும். 15 டிகிரி மேசையில் 7.4-க்கு வைத்த டிரிஸ், 37 டிகிரியில் சூடாக்கிக் குலுக்கும் தெர்மோமிக்சரில் 6.8 ஆகிவிடும். சினுக்ளின் அமிலப் பக்கம் போகப் போக வேகமாகத் திரளும் புரதம் என்பதால் இந்த 0.6 வித்தியாசம் முடிவையே மாற்றும். பாஸ்பேட் பஃபர் இந்த அளவுக்கு அசையாது. டிரிஸ்தான் வேண்டும் என்றால் பஃபரை 37 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு பிஹெச் வையுங்கள்.

மலை ஏறி வரும் பெட்டி

புரதம் ட்ரை ஐஸில் வரும். தெர்மோகோல் பெட்டியில் ஒரு நாளைக்கு 2 முதல் 5 கிலோ வரை ட்ரை ஐஸ் ஆவியாகிப் போகும். பெட்டியின் அளவையும் சுவரின் தடிமனையும் பொறுத்து இது மாறும். கோவை வரை நேரத்துக்கு வந்த பெட்டி, மேட்டுப்பாளையம் தாண்டிய மலைப்பாதையில் மாட்டிக்கொள்வது இங்கே புதிதல்ல. மழைக்காலத்தில் பர்லியாறு பக்கம் மண் சரிவு, சீசனில் ஒருவழிப் போக்குவரத்து, 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். அனுப்புகிறவரிடம் திங்களன்று அனுப்பச் சொல்லுங்கள், போதுமான ட்ரை ஐஸும் கேளுங்கள். முடிந்தால் கோவையில் நீங்களே பெட்டியை வாங்கி, ட்ரை ஐஸை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். கார் கண்ணாடி இறங்கியே இருக்கட்டும். மூடிய காரில் ட்ரை ஐஸ் விடும் கார்பன் டை ஆக்சைடு மயக்கம் வரவழைக்கும். கொண்டை ஊசி வளைவில் அது வேண்டாம்.

பெட்டியைத் திறந்ததும் ட்ரை ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று படம் எடுத்து வையுங்கள். டியூப்களை உடனே உருக்காதீர்கள். மூடி இடுக்கில் புகுந்த கார்பன் டை ஆக்சைடு உருகும்போது கரைந்து பிஹெச்சை இறக்கும். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் ஓரிரு நாள் இருந்தால் அந்த வாயு வெளியேறிவிடும்.

உலர்பொடியாக வந்தால் கவனம் வேறு. சமவெளியில் மூடிய டியூபுக்குள் இருக்கும் காற்றழுத்தம் இங்கே வெளியே இருப்பதைவிட அதிகம். மூடியைத் திறந்தவுடன் பொடி பறந்துவிடும், 100 மைக்ரோகிராமில் அது பெரிய இழப்பு. முதலில் டியூபை 25 டிகிரிக்கு வரவிட்டு (அரை மணி நேரமாவது), 5 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பொடியை அடிக்கு இறக்கி, பிறகு மெதுவாகத் திறக்க வேண்டும். பனிமூட்டம் அறைக்குள்ளேயே வரும் மாதங்களில் குளிர்ந்த டியூபைத் திறந்தால் ஈரம் உள்ளே படியும். பொடி பிசுபிசுத்துக் கட்டியாகிவிடும்.

இன்னொன்று, கருவிகளின் கையேட்டில் "2,000 மீட்டர் உயரம் வரை" என்ற வரி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஆய்வகக் கருவிகளுக்கான பாதுகாப்புத் தரத்தின் வழக்கமான எல்லை அது. குன்னூர் அதற்குள் வரும், ஊட்டி வராது. மைனஸ் 80 ஃப்ரீசர் விஷயத்தில் விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சொந்தமாகத் தயாரித்தால்

ஈ.கோலை பாக்டீரியாவின் பிஎல்21 டிஇ3 வகையில் வளர்ப்பது வழக்கம். சினுக்ளின் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிடை (டிஎன்ஏ வளையம்) வாங்கும் முன் 136-வது டைரோசினின் குறியீடு டிஏடி என்று இருக்கிறதா என்று பாருங்கள். மனித மரபணுவில் உள்ள டிஏசி அப்படியே இருந்தால், ஈ.கோலை சில மூலக்கூறுகளில் அந்த இடத்தில் சிஸ்டீனை வைத்துவிடும். இயல்பில் சினுக்ளினில் சிஸ்டீனே கிடையாது. இப்படி நுழைந்த சிஸ்டீன் இரண்டு மூலக்கூறுகளைப் பிணைத்து, ஒடுக்கி (சிஸ்டீன் பிணைப்பை அறுக்கும் பொருள்) சேர்க்காத ஜெல்லில் 30 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) பக்கம் ஒரு பட்டையாகத் தெரியும். "டைமர் கிடைத்தது" என்று மகிழ வேண்டாம்.

செல்களை உடைத்த கரைசலைக் கொதிநீரில் 20 நிமிடம் வைத்தால் மற்றப் புரதங்கள் திரிந்து படிய, சினுக்ளின் கரைசலிலேயே நிற்கும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனாலும் இந்தப் படிக்கு அதுவே தாராளம். பிறகு, மின்னேற்றத்தை வைத்துப் பிரிக்கும் கியூ வகை அயனிப் பரிமாற்றக் குழாய் (column). 300 மில்லிமோலார் உப்பை ஒட்டிப் புரதம் இறங்கும். அடுத்து, அளவை வைத்துப் பிரிக்கும் குழாய்.

எண்டோடாக்சினை எடுக்காமல் நியூரான் பக்கம் போகாதீர்கள். மைக்ரோகிளியா (மூளையின் தற்காப்புச் செல்கள்) இருக்கும் வளர்ப்பில் அழற்சி கிளம்பினால் அது சினுக்ளினாலா, பாக்டீரியாச் சுவரின் மிச்சத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எண்டோடாக்சின் பிடிக்கும் ரெசினில் ஓட்டி, அதை அளக்கும் எல்ஏஎல் சோதனையில் ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 0.5 அலகுக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஆட்டோகிளேவ் எண்டோடாக்சினை அழிக்காது. கண்ணாடிச் சாமான்களை 250 டிகிரி உலர் அவனில் 30 நிமிடம் வையுங்கள்.

ஆட்டோகிளேவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். முள் 15 பவுண்டு காட்டினால் 121 டிகிரி என்பது கடல் மட்டக் கணக்கு. ஊட்டியின் காற்றழுத்தத்தோடு 15 பவுண்டு சேர்ந்தால் உள்ளே சுமார் 117 டிகிரிதான். 121 வேண்டுமென்றால் முள் 18.5 வரை போக வேண்டும். உங்கள் பாத்திரமும் பாதுகாப்பு வால்வும் அதற்கு அனுமதிக்கப்பட்டவையா என்று தகட்டில் பார்க்காமல் ஏற்றாதீர்கள். அனுமதி இல்லையென்றால் நேரத்தை நீட்டி, உயிரியல் சோதனைக் குப்பியை வைத்துச் சரிபாருங்கள். வெப்பநிலையைப் பார்த்து ஓடும் கருவியில் இந்தத் தொல்லை இல்லை.

செறிவு அளத்தல்

மோனோமரை ஐஸில் உருக்கி, 1,00,000 ஜி விசையில் ஒரு மணி நேரம், 4 டிகிரியில் சுற்றி, மேலே இருக்கும் தெளிநீரை மட்டும் எடுக்க வேண்டும். அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் இல்லாத இடத்தில் 100 கிலோடால்டன் ஃபில்டர் டியூப் கைகொடுக்கும்: மோனோமர் கீழே இறங்கும், திரண்டவை மேலே நிற்கும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் உருகும்போதே உண்டான கண்ணுக்குத் தெரியாத கொத்துகள் விதையாகி, ஒவ்வொரு டியூபும் ஒவ்வொரு நாளில் திரளும்.

சினுக்ளினில் டிரிப்டோஃபேன் இல்லை, டைரோசின் நான்கு. 280 நானோமீட்டர் ஒளியில் மோலார் உறிஞ்சல் 5,960. அதாவது 1 மி.கி./மி.லி. கரைசல் 0.41 காட்டும். 5 மி.கி./மி.லி. என்பது 346 மைக்ரோமோலார். பத்து மடங்கு நீர்த்தால் 0.206 வர வேண்டும். கூடவே 350 நானோமீட்டரையும் படியுங்கள். அங்கே ஏதாவது எண் வந்தால் அது ஒளிச்சிதறல், கரைசலில் திரள் மிச்சம் இருக்கிறது. பிராட்ஃபோர்டு முறையை நம்ப வேண்டாம். ஆல்புமினை வைத்துப் போட்ட அளவுகோல் இந்த வகைப் புரதத்துக்கு ஒத்துவராது.

அளவு சரியாக வராததற்கு பைப்பெட்டும் காரணமாக இருக்கலாம். காற்றை இழுத்து வேலை செய்யும் பைப்பெட் உயரத்தில் சற்றுக் குறைவாகவே எடுக்கும், சிறிய அளவுகளில் குறை அதிகம். கோவையில் சரிபார்த்த சான்றிதழ் இங்கே செல்லாது. பைப்பெட்டை ஊட்டியிலேயே எடைத் தராசில் சரிபாருங்கள்: 20 டிகிரி தண்ணீரில் 100 மைக்ரோலிட்டர் 99.8 மில்லிகிராம் இருக்க வேண்டும். 10 மைக்ரோலிட்டருக்குக் கீழே போகும் எந்த அளவையும் அதே வழியில் பத்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

ஃபைப்ரில் தயாரிப்பு

பிபிஎஸ், பிஹெச் 7.4, புரதம் 5 மி.கி./மி.லி. 1.5 மி.லி. டியூபில் 500 மைக்ரோலிட்டர். தெர்மோமிக்சரில் 37 டிகிரி, 1,000 சுற்று, 7 நாள். எழுதினால் ஒரு வரிதான். நான்கைந்து டியூபுகளாகப் போடுங்கள். ஒன்று திரளாமல் போனாலும் மற்றவை இருக்கும், சேர்த்துக் கலப்பதும் திரண்டதைச் சரிபார்த்த பிறகே. ஒரு டியூபில் புரதமில்லாத பஃபர் மட்டும் ஓடட்டும்.

மலையில் இந்த 7 நாளில் இரண்டு தொல்லை வரும். முதலாவது மூடி. அடிப்பகுதி 37 டிகிரி, மேலே அறைக்காற்று 14 டிகிரி என்றால் தண்ணீர் ஆவியாகி மூடியில் துளியாக நிற்கும். கீழே புரதமும் உப்பும் செறிவடையும். உப்பு மாறினால் ஃபைப்ரிலின் வடிவமே மாறும். 150 மில்லிமோலார் உப்பில் உருண்டை நூலாக வளரும் அதே புரதம் மிகக் குறைந்த உப்பில் தட்டை நாடாவாக வளர்கிறது, இரண்டும் செல்லில் ஒன்றுபோல நடப்பதில்லை. சூடேறும் மூடி உள்ள தெர்மோமிக்சர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தெர்மோமிக்சரையே 37 டிகிரி இன்குபேட்டருக்குள் வையுங்கள், மோட்டாரின் சூட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு. டியூப் மூடிக்குப் பாராஃபிலிம் கட்டாயம். தினமும் ஒருமுறை டியூபை எடை போட்டால் எவ்வளவு ஆவியானது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது மின்வெட்டு. குலுக்கல் நின்றால் திரளல் நிற்காது, ஆனால் மெதுவாகும். சூடும் இறங்கினால் இன்னும் மெதுவாகும். தெர்மோமிக்சர் அதிகம் மின்சாரம் இழுக்காது. ஒரு நல்ல யுபிஎஸ் ஓர் இரவைத் தாங்கும். மின்சாரம் திரும்பி வந்தால் தானாக ஓடுமா, பொத்தானை அழுத்தும்வரை சும்மா நிற்குமா என்று முன்கூட்டியே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். பல கருவிகள் சும்மா நிற்கும் வகை.

மூன்று, நான்கு நாளில் கரைசல் கலங்கி, குலுக்கினால் பட்டுத்துணி அசைவது போல ஒளிரும். ஏழு நாள் முடிந்தும் தெளிவாகவே இருந்தால் முதலில் செறிவையும், பிறகு டியூபுக்குள் தெர்மாமீட்டர் வைத்து உண்மையான சூட்டையும் பாருங்கள். திரையில் 37 என்று காட்டும் பிளாக், குளிர் அறையில் டியூபுக்கு 34 கூடத் தராமல் இருக்கலாம்.

ஃபைப்ரில்தானா?

மூன்று சோதனையும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டினால் பிறகு மறுக்க வேண்டி வரும்.

தயோஃப்ளேவின் டி (ஃபைப்ரிலில் ஒட்டினால் ஒளிரும் சாயம்): 10 மி.லி. தண்ணீரில் 3.2 மி.கி. போட்டால் 1 மில்லிமோலார். 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். 50 மடங்கு நீர்த்து 412 நானோமீட்டரில் படித்தால் 0.72 வர வேண்டும், எடை போட்டது சரியா என்று இதில் தெரியும். சோதனையில் இறுதிச் செறிவு 20 மைக்ரோமோலார், தூண்டல் 440, உமிழ்வு 482. மோனோமர், பஃபர் இரண்டையும் பக்கத்திலேயே படியுங்கள். ஃபைப்ரிலின் ஒளி மோனோமரைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். இரண்டு மடங்கு மட்டும் என்றால் அதை வெற்றி என்று எழுதாதீர்கள். பிளேட்டில் நாள்கணக்கில் ஓட்டினால் ஒட்டும் படலத்தை இறுக மூடி, ஓரக் கிணறுகளில் தண்ணீர் மட்டும் நிரப்புங்கள். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் ஆவியாதல் வேகம் அதிகம்.

படிவு: 20 மைக்ரோலிட்டரை 16,000 ஜி-யில் 30 நிமிடம், 25 டிகிரியில் சுற்றுங்கள். (சென்ட்ரிஃப்யூஜ் 4 டிகிரியில் நிற்பது வழக்கம், மாற்ற மறந்துவிடும்.) மேல்நீர், அடிப்படிவு இரண்டையும் 15 சதவீத ஜெல்லில் ஓட்டுங்கள். பட்டை 15 கிலோடால்டனை ஒட்டி, பெரும்பாலும் சற்று மேலே நிற்கும். பெரும்பங்கு அடிப்படிவில் இருக்க வேண்டும். பாதி மேல்நீரில் நின்றால் அந்தத் தொகுதியைச் செல்லுக்குப் போடாதீர்கள். ஜெல்லுக்கு மாதிரியைக் கொதிக்க வைக்கும்போது டிரை பாத்தை 100-க்கு வைத்தால், இங்கே கரைசல் 93-ஐ ஒட்டியே கொதித்து மூடி தெறிக்கும், ஃபைப்ரில் அறையெங்கும் சிதறும். 90 டிகிரி, 10 நிமிடம், மூடிக்குப் பூட்டுக் கிளிப்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி பக்கத்தில் இல்லையென்றால் கீழே அனுப்ப வேண்டும். கரைசலாக அனுப்பாதீர்கள். கிரிட்டில் (நுண்ணோக்கிக்கான சிறு உலோக வலை) 5 மைக்ரோலிட்டர் வைத்து, தண்ணீரில் இரண்டு முறை கழுவி, சாயமேற்றி, உலர்த்தி, கிரிட் பெட்டியில் அனுப்புங்கள். கழுவாவிட்டால் பிபிஎஸ்ஸின் பாஸ்பேட், சாயமான யுரானைல் அசிடேட்டோடு சேர்ந்து படிந்து, படத்தில் ஃபைப்ரிலுக்குப் பதில் மணல்தான் தெரியும்.

ஃபைப்ரிலின் செறிவைக் கலங்கிய கரைசலில் நேராகப் படிக்க முடியாது. சிறு பகுதியைச் சுழற்றி, அடிப்படிவை, புரதத்தை அவிழ்க்கும் 6 முதல் 8 மோலார் குவானிடினில் ஒரு மணி நேரம் கரைத்து, பிறகு 280-இல் படியுங்கள். இனி நீங்கள் எழுதும் "மைக்ரோகிராம்" எல்லாம் இந்த எண்ணிலிருந்துதான்.

சோனிகேட் செய்தல்

சோனிகேட் செய்வது என்றால் ஒலி அதிர்வால் ஃபைப்ரிலைத் துண்டாக்குவது. நீண்ட ஃபைப்ரில் செல்லுக்குள் சரியாக நுழையாது, விதையாகவும் சோம்பேறி. துண்டின் நீளம் 50 நானோமீட்டர் பக்கம் வர வேண்டும். முழுச் சோதனையின் பலனும் இந்த ஒரு நிமிட வேலையில்தான் இருக்கிறது. ஆளுக்கு ஆள் முடிவு மாறுவதற்கு முதல் காரணமும் இதுவே.

ஃபைப்ரிலை பிபிஎஸ்ஸில் 0.1 மி.கி./மி.லி. ஆக நீர்த்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. முனை, 10 சதவீதத் திறன், அரை நொடி ஓட்டம், அரை நொடி ஓய்வு, 60 துடிப்பு. முனை டியூபின் அடியிலிருந்து சில மில்லிமீட்டர் மேலே நிற்கட்டும், நுரைத்தால் நிறுத்துங்கள். நுரையில் புரதம் கெடும், துண்டும் ஆகாது. ஐஸில் வைக்காமல் 25 டிகிரியில் செய்து, சூடேறாமலிருக்க 20 துடிப்புக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். 10 சதவீதம் என்பது கருவிக்குக் கருவி வேறு ஆற்றல். உங்கள் கருவியில் 30, 60, 90 துடிப்பு என்று ஓட்டி, நுண்ணோக்கிப் படத்தில் குறைந்தது நூறு துண்டுகளை அளந்து எது 50-க்கு வருகிறது என்று ஒருமுறை நிலைநாட்டுங்கள். அதன்பின் மாற்றாதீர்கள். முனை தேய்ந்து குழி விழுந்தால் மறுபடி அளவிட வேண்டும்.

இந்த வேலை பயோசேஃப்டி கேபினட்டுக்குள்தான். எலியின் மூளையில் போட்ட ஃபைப்ரில் அங்கிருந்த இயல்பான சினுக்ளினையும் உருமாற்றிப் பரவுகிறது என்று 2012-இல் காட்டப்பட்டுவிட்டது. காற்றில் தெளிக்கும் கருவியோடு அலட்சியம் கூடாது. மூடிய டியூபை வெளியிலிருந்து அதிரவைக்கும் கப் ஹார்ன் வகை கிடைத்தால் அதுவே மேல்.

துண்டுகள் விதையாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான்: புது மோனோமர் 100 மைக்ரோமோலாருக்கு 2 சதவீதம் துண்டு சேர்த்து, தயோஃப்ளேவினோடு ஓட்டுங்கள். விதையில்லாத கிணறு மணிக்கணக்கில் சும்மா இருக்கும்போது விதையிட்ட கிணறு உடனே ஏறத் தொடங்க வேண்டும். விதையில்லாத கிணறும் சேர்ந்து ஏறினால் உங்கள் மோனோமரிலேயே ஏற்கெனவே விதை விழுந்திருக்கிறது. மோனோமருக்கும் ஃபைப்ரிலுக்கும் தனித்தனி பைப்பெட், ஃபில்டர் முனை, தனி மேசை என்று பிரிப்பது இதற்காகத்தான்.

செல்களுக்குப் போடும்போது

எலிக்குட்டியின் ஹிப்போகேம்பஸ் நியூரானுக்கு, வளர்ப்பின் 5 முதல் 7-வது நாளில், 2 முதல் 5 மைக்ரோகிராம்/மி.லி. சோனிகேட் செய்த அன்றே போடுங்கள். அதே அளவு மோனோமரும் வெறும் பிபிஎஸ்ஸும் கட்டுப்பாடு. 7 முதல் 10 நாளில் 129-வது செரினில் பாஸ்பேட் ஏறிய சினுக்ளினைச் சாயமேற்றிப் பார்க்கலாம். நோயாளி மூளையில் காணும் லூயி உருண்டைகளில் (புரதத் திரள்கள்) இருக்கும் சினுக்ளினில் சுமார் 90 சதவீதம் இப்படிப் பாஸ்பேட் ஏறியது என்பதால் இதுவே நல்ல அடையாளம். நியூரான் எடுக்க விலங்கு நெறிமுறைக் குழு அனுமதியும், மரபணு மாற்றிய பாக்டீரியாவுக்கு நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழு அனுமதியும் முன்னமே கையில் இருக்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரிலும் உயரம் விளையாடும். 5 சதவீதம் என்பது பங்கு; மீடியத்தில் (செல் வளரும் திரவம்) கரைவது அழுத்தத்தைப் பொறுத்தது. ஊட்டியில் 5 சதவீதம் தரும் கார்பன் டை ஆக்சைடு, கடல் மட்டத்தில் தருவதில் முக்கால் பங்குதான். மீடியம் சுமார் 0.1 பிஹெச் காரப்பக்கம் சாயும், அதிலுள்ள பிஹெச் சாயமான ஃபீனால் ரெட் லேசாக ரோஜா நிறம் காட்டும். 6.5 சதவீதத்தை ஒட்டி வைத்தால் சரியாகும். ஆனால் சென்சார் உயரத்துக்குத் திருத்தப்பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். செல் இல்லாத மீடியத்தை ஓர் இரவு உள்ளே வைத்து, எடுத்த உடனே பிஹெச் பார்த்து 7.3, 7.4-க்கு அமையும்படி நிறுத்துங்கள்.

வேறொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த ஃபைப்ரிலின் மடிப்பும் நோயாளி மூளையிலிருந்து எடுத்த ஃபைப்ரிலின் மடிப்பும் ஒன்றல்ல. 2020-இலும் 2022-இலும் வந்த குளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் அதைக் காட்டிவிட்டன. ஆகவே உங்கள் முடிவில் "பார்கின்சன் புரதம்" என்று எழுதுவதைவிட, எந்த பஃபரில், எத்தனை நாள், எந்தத் துண்டு நீளம் என்று எழுதுவதே நேர்மை.

டௌவும் அமிலாய்டு பீட்டாவும்

இதே முறையை, அல்சைமர் நோயில் திரளும் புரதமான டௌவுக்கு அப்படியே போட முடியாது. அதன் 441 அமினோ அமில வடிவத்தில் சிஸ்டீன் இரண்டு உண்டு, ஒடுக்கியைச் சேர்த்தே வைக்க வேண்டும். தானாகத் திரளாது, ஹெபரின் போன்ற தூண்டி தேவை. ஹெபரினில் வளர்ந்த நூல் அல்சைமர் மூளையின் நூலல்ல என்பதும் 2019-இல் தெரிந்துவிட்டது. அல்சைமரின் இன்னொரு புரதமான அமிலாய்டு பீட்டா 42 இன்னும் பிடிவாதம்: ஹெச்எஃப்ஐபி கரைப்பானில் முழுதும் அவிழ்த்து, நச்சு ஆவியை இழுக்கும் புகைப்போக்கிப் பெட்டியில் (fume hood) உலரவிட்டு, படலமாக மைனஸ் 80-இல் வைத்து, வேண்டும்போது டிஎம்எஸ்ஓ-வில் 5 மில்லிமோலாருக்குக் கரைக்க வேண்டும். ஹெச்எஃப்ஐபி 58 டிகிரியில் கொதிப்பது. ஊட்டியில் இன்னும் சீக்கிரம் பறக்கும். குளிர்ந்த அறை என்று நினைத்துப் புகைப்போக்கிக்கு வெளியே திறக்கக் கூடாது.

சேமிப்பும் கழுவலும்

ஃபைப்ரிலை 10 முதல் 20 மைக்ரோலிட்டர் பங்குகளாக, புரதம் ஒட்டாத டியூபுகளில், சோனிகேட் செய்யும் முன்பே பிரித்து உறைய வையுங்கள். மெதுவாக உறைந்தால் சோடியம் பாஸ்பேட் தனியாகப் படிகமாகி பிஹெச் இறங்கும், ஆகவே ஒரே நொடியில் உறைய வேண்டும். திரவ நைட்ரஜன் நீலகிரியில் அரிதான பொருளல்ல. மாடுகளுக்கான உறைவிந்துக் குச்சிகள் அதில்தான் வருகின்றன, கால்நடைத் துறையில் விசாரித்தால் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அதுவும் இல்லையென்றால் ட்ரை ஐஸும் ஐசோப்ரோப்பனாலும் கலந்த குளியல். உருக்குவது 25 டிகிரி தண்ணீரில், ஒரே முறை. மிச்சத்தை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

டியூப் மேல் புரதத்தின் பெயரோடு வடிவம், செறிவு, பஃபர், உறைய வைத்த தேதி, தொகுதி எண் எல்லாம் இருக்கட்டும். மோனோமருக்கு ஒரு நிற மூடி, ஃபைப்ரிலுக்கு வேறு நிற மூடி.

சிந்தினால் ஆல்கஹால் துடைத்துப் பயனில்லை. ஆட்டோகிளேவும் ஃபைப்ரிலை நம்பத்தக்க முறையில் அழிக்காது. கண்ணாடி, பிளாஸ்டிக், ரோட்டர் எதுவானாலும் 1 சதவீத எஸ்டிஎஸ் கரைசலில் கழுவினால் ஃபைப்ரில் பரப்பிலிருந்து விடுபட்டுக் கரையும். அந்தக் கரைசல் குளிரில் உறையாமல் 25 டிகிரியில் தெளிவாக இருக்கும்போதே பயன்படுத்துங்கள். ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரில் பலமுறை அலசுங்கள், ஏனென்றால் மிச்சம் நிற்கும் எஸ்டிஎஸ் அடுத்த தொகுதி ஃபைப்ரிலையும் கரைக்கும், நியூரானையும் கொல்லும். சோனிகேட்டர் முனையை 1 சதவீத எஸ்டிஎஸ், தண்ணீர், மறுபடி தண்ணீர் என்று மூன்று டியூபில் சில துடிப்பு ஓட்டி எடுங்கள். பைப்பெட் முனைகளும் கையுறைகளும் எஸ்டிஎஸ்ஸில் ஊறிய பிறகு மருத்துவக் கழிவுப் பையில் போக வேண்டும், நகராட்சிக் குப்பைத் தொட்டியில் அல்ல.